இடம்பெயர்ந்த குரல்கள்: குரல் அஞ்சலின் ஒரு சிறு வரலாறு

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு செய்தி வெளியாயிற்று. மனைவியை இழந்த முதியவர் ஒருவர், அப்பெண்மணி தமது குரலில் பதிந்து வைத்திருந்த குரல் அஞ்சல் அறிவிப்பை வீட்டுத் தொலைபேசியிலிருந்து நீக்காமல் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேணி வந்தார். மனம் சோர்ந்த வேளைகளில் தமது இலக்கத்துக்குத் தாமே அழைப்பெடுத்து அக்குரலைக் கேட்பார். ஒருநாள் அழைத்தபோது வேறு ஏதோ இயந்திரக் குரல் பேசியது. தொலைபேசி நிறுவனம் தனது குரல் அஞ்சற் சேவையைப் பழைய முறைமையிலிருந்து புதிய முறைமைக்கு மாற்றியிருந்தது. வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. குரல் வந்து சேரவில்லை. நிறுவனத்தின் பொறியியலாளர்கள் பழைய களஞ்சியங்களைத் துருவி, பெரும் பிரயத்தனத்தின் பின் அதனைக் கண்டெடுத்தார்கள். அவர் மீண்டும் அதைக் கேட்டு விம்மியதை பி.பி.சி. வானொலி ஒலிபரப்பியது.

உலகமெங்கும் இதைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒரு காதற் கதையாகவே இதனைப் பார்த்தார்கள். பல தசாப்தங்களைச் செய்தி அறைகளில் கழித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் பாவனையாளர்களை மாற்றுவது அலுவலகங்களில் வாரந்தோறும் நடைபெறும் காரியம். பெயர் போகிறது, இலக்கம் போகிறது, குரல் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? இக்கேள்விக்கு விடை தேடினால் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு விரிகிறது.

தோமஸ் எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டில் 'நோர்த் அமெரிக்கன் ரிவியூ' சஞ்சிகையில் அதன் பயன்களை அவர் வரிசைப்படுத்தியபோது இசைக்கு முதலிடம் கொடுக்கவில்லை. கடிதங்களைச் சொல்லிப் பதிவது அவருக்கு முக்கியமாக இருந்தது. மரணப் படுக்கையில் இருப்போரின் இறுதி வார்த்தைகளைக் குடும்பத்துக்காகக் காப்பதும், தொலைபேசியுடன் கருவியை இணைப்பதும் அப்பட்டியலில் இருந்தன. தொலைபேசிக்கு அப்போது வயது இரண்டு.

இருபது ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கைச் சேர்ந்த வல்டெமர் பௌல்சன் என்ற இளம் பொறியியலாளர் காந்தமேற்றிய உருக்குக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியை 1898இல் உருவாக்கினார். ஆள் இல்லாத வேளையில் வரும் தொலைபேசிச் செய்தியைப் பிடித்து வைப்பதே அவருடைய நோக்கம். இன்று காந்த ஒலிப்பதிவின் தந்தை என்று போற்றப்படும் அவர், உண்மையில் குரல் அஞ்சலுக்கே முதல் அத்திவாரம் இட்டவர். 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப் இக்கருவியில் பேசினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. இப்போதுள்ள காந்தப் பதிவுகளில் மிகப் பழையது அதுதான். பேரரசு 1918இல் மறைந்தது. பேரரசரின் சில வினாடிகள் மறையவில்லை. ஏனெனில் அவை ஒரு கம்பியில் இருந்தன. கம்பியை ஒருவர் கையில் எடுத்து அலுமாரியில் வைத்தார்.

இதை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பௌல்சனின் எண்ணம் வீடுகளை எட்ட எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றதற்குத் தொழில்நுட்பம் மாத்திரம் காரணமன்று. ஐக்கிய அமெரிக்காவின் தொலைபேசித் துறையைக் கட்டி ஆண்ட ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களிலேயே செய்திகளைப் பதியும் கருவியை இயக்கிக் காட்டியிருந்தார். நிறுவனத்தின் மேலிடம் அதனை வெளியில் விடவில்லை. பேசுவது பதியப்படும் என்று அறிந்தால் வணிகர்களும் மற்றவர்களும் தொலைபேசியில் பேசவே அஞ்சுவார்கள், வருமானம் குறையும் என்பது அவர்களின் கணக்கு. பிறருடைய கருவிகளைத் தனது வலையமைப்பில் பொருத்தவும் அந்நிறுவனம் இடங்கொடுக்கவில்லை. 1968இல் 'கார்ட்டர்போன்' வழக்கில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அளித்த தீர்ப்பே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அதன் பின்னரே ஒலிநாடாவில் இயங்கும் பதிலளிக்கும் கருவிகள் வீடுகளுக்கு வந்தன.

அந்தக் கருவிகளில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒலிநாடா வீட்டுக்காரருடையது. கருவி பழுதானால் நாடாவைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடலாம். எண்பதுகளில் மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போன எமது பிள்ளைகளுக்குத் தாய்மார் கசெட்டில் பேசி அனுப்பிய 'கடிதங்களும்' அத்தகையனவே. எழுதத் தெரியாத ஆச்சி பேசிய கசெட்டை இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இயக்கிப் பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் பொருள் கையில் இருக்கிறது.

அந்த உரிமை கைமாறியது எழுபதுகளில். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் பொய்ஸ் என்பவர் 1973இல் பேச்சைக் கணினிக் கோப்பாகச் சேமித்துப் பிறருக்கு அனுப்பும் ஒரு முறைமையை உருவாக்கத் தொடங்கினார். தட்டச்சுப் பழகாத உயரதிகாரிகள் தொலைபேசியின் விசைகளை மட்டும் கொண்டு கடிதம் அனுப்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். இதே குழுவினர் 1984ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டிக்காக அமைத்த செய்தி முறைமை 12 மொழிகளில் இயங்கியது. வீரர்களின் பெற்றோரும் நண்பர்களும் தமது நாட்டிலிருந்து அழைத்துப் பேசினால், வீரர்கள் ஒலிம்பிக் கிராமத்தில் இருந்த கருவியில் அதைக் கேட்கலாம். நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அது பயன்பட்டது. போட்டி முடிந்ததும் முறைமையும் முடிந்தது.

வணிகமாக இதை ஆக்கியவர் டலஸ் நகரின் கோர்டன் மத்தியூஸ். 1979இல் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் வி.எம்.எக்ஸ். என்று பெயர் பெற்றது. முதல் வாடிக்கையாளர் 3எம் நிறுவனம். ஆண்டு 1980. அவருடைய காப்புரிமை 1983 பெப்ரவரியில் வழங்கப்பட்டது. தொலைபேசித் தரத்தில் ஒரு வினாடிப் பேச்சை இலக்கமுறையில் பதிய 8,000 பைட்டுகள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். மேசைக் கணினிகளுக்கென 1980இல் சீகேட் வெளியிட்ட வன்தட்டின் கொள்ளளவு 5 மெகாபைட். சுருக்காமல் பதிந்தால் முழுத் தட்டிலும் பத்து நிமிடப் பேச்சுத்தான் அடங்கும். ஆகவே மத்தியூஸின் இயந்திரம் குளிர்சாதனப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தியது போன்ற தோற்றம் கொண்டிருந்ததில் வியப்பில்லை. இத்தனை பெரிய இயந்திரத்தை வாங்கும் நிறுவனம் அதில் உள்ள இடத்தைத் தனது சொத்தாகத்தானே கருதும்? பேசியவருக்கும் கேட்பவருக்கும் உரிய குரல், மூன்றாவது ஒருவரின் அறையில் குடியேறியது அப்போதுதான்.

1982இல் ரொபர்ட் கோன், பீட்டர் ஒல்சன் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஆரம்பித்த ஒக்டெல் நிறுவனம் இயந்திரத்தைச் சிறிதாக்கிற்று, விலையைக் குறைத்தது, எந்த நிறுவனம் தயாரித்த உள்ளகத் தொலைபேசி இணைப்பகத்துடனும் பேசக்கூடியதாக ஆக்கிற்று. பிரிக்கப்பட்ட பெல் நிறுவனங்களும் குரல் அஞ்சற் சேவை வழங்கலாம் என்று 1988இல் நீதிபதி ஹரல்ட் கிறீன் அனுமதித்தார். வீடுகளுக்கும் அது பரவியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒக்டெல், முன்னோடியான வி.எம்.எக்ஸை விழுங்கியது. 1997இல் ஒக்டெலை லூசென்ட் 1.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2000 ஒக்டோபரில் லூசென்டிலிருந்து அவாயா பிரிந்து சென்றது. நிறுவனங்கள் இவ்வாறு மாறி மாறிக் கைமாறும்போது அவற்றின் இயந்திரங்களில் குடியிருந்த பாவனையாளர்களுக்கு என்ன நடந்தது என்பதே நமது விடயம்.

ஒவ்வொரு குரல் அஞ்சல் இயந்திரமும் ஒரு தீவாகவே இருந்தது. ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளில் இரு வேறு தயாரிப்பாளர்களின் இயந்திரங்கள் இருந்தால், ஓரிடத்தில் வந்த செய்தியை மற்ற இடத்துக்கு அனுப்ப வழியில்லை. இதற்கெனத் தயாரிப்பாளர்கள் கூடி 1990இல் 'ஏமிஸ்' என்ற உடன்பாட்டுக்கு வந்தனர். அதன் எளிய வடிவத்தை அறிந்தால் இன்றைய இளைஞர்கள் சிரிப்பார்கள். ஓர் இயந்திரம் மற்ற இயந்திரத்துக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பெடுக்கும். விசை ஒலிகளால் இன்னாரின் பெட்டிக்கு என்று சொல்லும். பின்னர் செய்தியை ஒலிக்கவிடும். மறுபக்க இயந்திரம் அதைக் கேட்டுப் புதிதாகப் பதிந்துகொள்ளும். மூன்று நிமிடச் செய்தி போக மூன்று நிமிடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிறிது இரைச்சல் கூடும். அவசரம் என்ற குறியோ, அந்தரங்கம் என்ற குறியோ கூடவே போகா. பனையோலைச் சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடி எழுதியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடு பெயர்த்து எழுதுவோரிடம் பிழை புகுவது எமக்குப் புதிதன்று.

இணையம் பரவியதும் இதைவிட நல்ல வழி கிடைத்தது. ஒக்டெலின் கிரெக் வோட்ரொய், நோர்டெல்லின் கிளென் பார்சன்ஸ் ஆகியோர் எழுதிய 'விபிம்' நியமம் 1996இல் பரீட்சார்த்தமாகவும் 1998இல் திருந்திய வடிவிலும் வந்தது. 2004இல் அது மீண்டும் திருத்தப்பட்டது. குரற் செய்தியை ஒரு மின்னஞ்சலின் இணைப்பாக, வினாடிக்கு 32 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புவதே அதன் சாராம்சம். குரல் இப்போது தேய்வின்றிப் போகலாயிற்று. ஆனால் விபிம், செய்தி பரிமாறுவதற்கான நியமம். ஒரு பாவனையாளர் தமது பெட்டியுடனும் பெட்டியில் உள்ளவற்றுடனும் வேறு இயந்திரத்துக்குக் குடிபெயர்வதற்கு அது வழிசெய்யவில்லை. கடிதப் போக்குவரத்து இருந்தது. குடிபெயர்வுக்குச் சட்டம் இருக்கவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் சிக்கல் இன்னொரு படி மேலே ஏறிற்று. அதற்கு முன் ஒரு சொல்லை விளக்கவேண்டும். அலுவலகக் கணினி வலையமைப்புகளில் 'டொமைன்' என்று ஒன்று உண்டு. தமிழில் ஆட்களம் என்பர். ஒரே பதிவேட்டின் கீழ் வரும் பாவனையாளர்களும் கணினிகளும் அடங்கிய எல்லை அது. மைக்ரோசொப்ட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒரு நீண்ட பாதுகாப்பு இலக்கம் வழங்கப்படுகிறது. அவ்விலக்கத்தில் ஆட்களத்தின் அடையாளமும் பொதிந்திருக்கிறது. ஆகவே அவர் வேறு ஆட்களத்துக்கு மாறினால் பழைய இலக்கத்தை எடுத்துச்செல்ல முடியாது, புதிது வழங்கப்படும். பழைய இலக்கத்தை நம்பிக் கொடுக்கப்பட்ட அனுமதிகள் யாவும் அவரை அந்நியராகவே பார்க்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு இடம்பெயர்ந்தால் கிராம சேவையாளரிடம் புதிதாகப் பதியவேண்டும், குடும்ப அட்டையை மாற்றவேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம் மட்டும் மாறுவதில்லை. அதுவும் மாறினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கணினி உலகில் அதுவே நடந்தது. பழைய இலக்கத்தைப் புதிய பதிவின் ஓர் ஓரத்தில் 'முன்னைய வரலாறு' என்று குறித்து வைக்கும் ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் வைத்ததுதான் ஒரே ஆறுதல்.

குரல் அஞ்சல் இந்த வலைக்குள் எவ்வாறு வந்தது? மின்னஞ்சலும் தொலைநகலும் குரலும் ஒரே பெட்டியில் வந்து விழவேண்டும் என்ற ஆசையினால். சியாட்டில் நகரின் அக்டிவ் வொய்ஸ் நிறுவனம் உருவாக்கிய யூனிட்டி என்ற மென்பொருளை சிஸ்கோ 2001இல் தன்வசப்படுத்தியது. யூனிட்டி, விண்டோஸ் கணினியில் இயங்கியது. செய்திகளை மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் வழங்கியில் சேமித்தது. பாவனையாளரின் விவரங்களை அக்டிவ் டைரக்டரியில் எழுதியது. வேறு சில விவரங்களைத் தனது சொந்தத் தரவுத்தளத்தில் வைத்தது. முன்பு ஒரு பெட்டி ஓர் இயந்திரத்துக்குள் இருந்தது. இப்போது ஒரே பெட்டி மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது.

இங்கே ஒரு வேடிக்கையான அரசியலும் உண்டு. யூனிட்டியை நிறுவவேண்டுமாயின் பதிவேட்டின் அமைப்பிலேயே புதிய கட்டங்களைச் சேர்க்கவேண்டும். ஒருமுறை சேர்த்தால் அவற்றைச் செயலிழக்கச் செய்யலாமேயன்றி அழிக்க முடியாது. கணினிப் பிரிவினர் இதனைக் கண்டு பயந்தனர். தொலைபேசிப் பிரிவினருக்காகத் தமது புனிதமான பதிவேட்டைத் தீண்டவிட அவர்கள் தயாராக இல்லை. விளைவு, பல நிறுவனங்களில் தொலைபேசிப் பிரிவினர் குரல் அஞ்சலுக்கென்றே தனியான ஓர் ஆட்களத்தையும் தனியான ஒரு மின்னஞ்சல் வழங்கியையும் வைத்துக்கொண்டனர். ஒரே கட்டடம், ஒரே ஊழியர், இரண்டு பதிவேடுகள். சில ஆண்டுகள் கழித்து மேலிடம் விழித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள் என்று பணிக்கும். அல்லது இரு நிறுவனங்கள் இணையும். அப்போது ஆயிரக்கணக்கான பாவனையாளர்களை ஓர் ஆட்களத்தின் குரல் அஞ்சல் வழங்கியிலிருந்து இன்னோர் ஆட்களத்தின் வழங்கிக்கு மாற்றும் வேலை யாராவது ஒரு பொறியியலாளரின் வார இறுதியை விழுங்கும்.

அவர் மாற்றவேண்டியது எதை? பெயரும் உள்ளக இலக்கமும் சுலபம். ஒரு பட்டியலாக எடுத்து மறுபக்கம் ஊட்டிவிடலாம். மற்றவைதான் தொல்லை. ஊழியர் தமது குரலில் சொல்லிப் பதிந்த பெயர் ஒன்று இருக்கும். வெளியில் உள்ளவர் அழைக்கும்போது ஒலிக்கும் அறிவிப்பு ஒன்று, விடுமுறையில் ஒலிக்கும் அறிவிப்பு இன்னொன்று. கேட்ட செய்திகள், கேளாத செய்திகள், அழிக்க மனமில்லாமல் வைத்திருந்த செய்திகள். பல்லாண்டுகளாகச் சேர்த்த விநியோகப் பட்டியல்கள். இரகசிய இலக்கம். இவற்றுள் இரகசிய இலக்கத்தைப் பொதுவாக முறைமைகள் திருப்பி வாசிக்க முடியாத வடிவில்தான் சேமிக்கின்றன. இரண்டு முறைமைகளும் ஒரே விதமாகச் சேமித்தாலொழிய அதைக் கொண்டுபோக இயலாது. எனவே எல்லோருக்கும் ஒரு பொது இலக்கத்தைக் கொடுத்து, முதல் நாளே மாற்றிக்கொள்ளும்படி சுற்றறிக்கை அனுப்புவது வழக்கம்.

இந்தச் சுற்றறிக்கையை வாசியாதோர் பற்றி ஒரு சொல். 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' பத்திரிகையின் அரச குடும்பச் செய்தியாளர் கிளைவ் குட்மனும் தனியார் துப்பறிவாளர் கிளென் மல்கெயாரும் 2007 ஜனவரியில் சிறை சென்றது பிறருடைய குரல் அஞ்சற் பெட்டிகளைத் திறந்து கேட்டமைக்காக. சேவை தொடங்கும்போது தரப்பட்ட பொது இலக்கத்தை மாற்றாமல் விட்டவர்கள் அவ்வித ஒட்டுக்கேட்டலுக்கு மிக எளிதில் இரையானார்கள். கொலையுண்ட ஒரு சிறுமியின் பெட்டியும் திறக்கப்பட்டது என்ற செய்தி 2011 ஜூலையில் வெளியானதும், 168 ஆண்டுக் காலப் பத்திரிகை அம்மாதம் 10ஆம் திகதி தனது கடைசி இதழை வெளியிட்டு மூடிக்கொண்டது. எமது தொழிலுக்கு நேர்ந்த பெரும் அவமானங்களில் அதுவும் ஒன்று.

மாற்றத்தை ஒரே இரவில் முடிக்க முடிந்தால் நல்லது. பெரிய நிறுவனங்களில் அது நடவாது. முதல் வாரம் கணக்குப் பிரிவு, இரண்டாம் வாரம் விற்பனைப் பிரிவு என்று போகும். இடைப்பட்ட வாரங்களில் பாதிப் பேர் பழைய வழங்கியிலும் பாதிப் பேர் புதிய வழங்கியிலும் இருப்பார்கள். பக்கத்து மேசையில் இருப்பவருக்குச் செய்தியை அனுப்பினால், அவரை முறைமைக்குத் தெரியாது. இரு பக்கங்களுக்கும் இடையில் விபிம் இணைப்பு ஒன்றை ஏற்படுத்தி, அக்கரைக்குப் போனவர்களை அயலவர்களாகப் பதிந்து வைத்தால்தான் ஓரளவு சமாளிக்கலாம். பழைய செய்தி ஒன்றுக்குப் பதில் அனுப்பினால் அது திரும்பி வரும். காரணம், அச்செய்தியில் அனுப்பியவரின் முகவரியாகப் பதிந்திருப்பது அவருடைய பழைய ஆட்களத்தின் உள்ளக முகவரி. அந்தப் பழைய முகவரியைப் புதிய பதிவில் மேலதிக முகவரியாகச் சேர்த்துவிடவேண்டும் என்பதைப் பொறியியலாளர்கள் பட்டுத்தான் அறிந்துகொண்டார்கள்.

தொலைபேசியில் செய்தி வந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்குக்கும் ஒரு கதை உண்டு. அவ்விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் குரல் அஞ்சல் வழங்கியின் வேலை. பழைய வழங்கி ஏற்றிய விளக்கை அணைக்க அந்த வழங்கி இப்போது இல்லை. புதிய வழங்கியோ இவரின் பெட்டியில் செய்தி ஒன்றுமில்லை என்று எண்ணி வாளாவிருக்கும். யாராவது கையால் அணைக்கும்வரை, இல்லாத செய்திக்காக விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். குரல் அஞ்சல் முறைமைகளைப் பராமரித்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இவ்வேலைக்கு உதவும் கருவிகள் தாமதமாகவே வந்தன. யூனிட்டிக்கு முதலில் இருந்தது, இயந்திரம் செத்தால் அதே பதிப்பில் மீண்டும் எழுப்புவதற்கான ஒரு காப்பு மென்பொருள். அது வழங்கி முழுவதையும் மீட்கும். ஏற்கெனவே ஆட்கள் உள்ள வேறு வழங்கிக்குள் நூறு பேரை மட்டும் குடியமர்த்த உதவாது. பின்னர் கோப்ராஸ் என்ற கருவி வந்தது. பெயர் நாகபாம்பை நினைவூட்டினாலும் சாதுவான கருவிதான். இரு வழங்கிகளும் ஒன்றையொன்று எட்டக்கூடியதாக இருந்தால் நேரடியாகவும், வேறுவேறு வலையமைப்புகளில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கட்டி எடுத்துச் சென்றும் அது பாவனையாளர்களை மாற்றியது. குரலில் பதிந்த பெயரையும் அறிவிப்புகளையும், விரும்பினால் செய்திகளையும் கொண்டுபோகும்.

'விரும்பினால்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எழுதினேன். செய்திகளைக் கொண்டுபோகலாமா விடலாமா என்பதை அதில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டுத் தெரிவிக்கவேண்டும். கொண்டுபோனால் நேரம் பல மடங்காகும். ஒரு பெட்டியில் சராசரி பத்து நிமிடப் பேச்சு என்று வைத்தாலும், மூவாயிரம் பாவனையாளருக்கு, சுருக்காத வடிவில் 14 ஜிகாபைட்டுக்கு மேல் வரும். திங்கட்கிழமை காலைக்குள் முடிக்கவேண்டிய பொறியியலாளர் அக்கட்டத்தில் குறியிடாமல் விடுவார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். வேண்டிய செய்திகளை வெள்ளிக்கிழமைக்குமுன் கேட்டு முடியுங்கள் என்று அறிவித்தல் போய்விட்டது, சட்டப்படி எல்லாம் சரி. அறிவித்தல் போன வாரத்தில் ஒருவர் மருத்துவமனையில் இருந்திருக்கலாம். இன்னொருவர் தந்தையின் கடைசிச் செய்தியைத் தொலைபேசியிலேயே வைத்திருப்பதாக நம்பியிருக்கலாம். அது தொலைபேசியில் இல்லை, வேறொரு மாடியில், பூட்டிய அறையில், அடுத்த மாதம் கழிவுக்குப் போகவுள்ள ஒரு பெட்டியில் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். பெயரும் இலக்கமும் நிறுவனத்துக்குத் தேவையானவை, ஆகவே அவற்றுக்குப் பதிவேடும் கருவியும் உண்டு. குரல் தேவைப்பட்டது அதைக் கேட்பவருக்கு மட்டுமே. அவர் அந்த வார இறுதியில் அங்கே இல்லை.

இங்கிலாந்து முதியவருக்கு வாய்த்தது அபூர்வமான அதிர்ஷ்டம். பழைய களஞ்சியம் அழியாமல் இருந்தது, தேடுவதற்கு மனமுள்ளவர்களும் இருந்தார்கள்.

யூனிட்டி பின்னர் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த வாரிசு, மைக்ரோசொப்டின் பதிவேட்டையும் அஞ்சற் களஞ்சியத்தையும் விட்டு நீங்கித் தனது சொந்தத் தரவுத்தளத்துக்கே திரும்பியது. அதாவது, தொடங்கிய இடத்துக்கு. மைக்ரோசொப்டும் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் தனது மின்னஞ்சல் வழங்கிக்குள் சேர்த்த குரல் அஞ்சல் வசதியை 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டது. அதனை நம்பியிருந்த நிறுவனங்கள் இன்னொருமுறை பாவனையாளர்களை மூட்டை கட்டின. இம்முறை பயணம் மேகக் கணிமைக்கு.

வேறு சிலர் மூட்டை கட்டவேயில்லை. கொக்கா கோலா நிறுவனம் 2014இன் இறுதியில் தனது அட்லாண்டா தலைமையகத்தில் குரல் அஞ்சலை நிறுத்தியது. ஆண்டொன்றுக்கு மிச்சமானது ஓர் இலட்சம் டொலருக்கும் குறைவு. ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கி 2015இல், வாடிக்கையாளருடன் பேசத் தேவையில்லாத ஊழியர்கள் பலருக்கு அதனை நிறுத்தியது. அட்லாண்டா தலைமையகத்துக்கு அழைத்து ஆள் எடுக்காவிட்டால் அதன்பின் எல்லோருக்கும் பொதுவான ஓர் அறிவிப்பு ஒலித்தது. பின்னர் அழைக்கவும் அல்லது வேறு வழியில் தொடர்புகொள்ளவும் என்பது அதன் சாரம். அழைத்தவர் தமது குரலை விட்டுச்செல்ல அதில் இடமில்லை.